கரிசலில் போட்ட டர்னிப்

என் வீட்டுக்காரர் ஊரோடு தங்கிவிடுவார் என்று நம்பித்தான் அந்தக் கிழங்கைப் போட்டேன். வேறு எதற்கு? பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில் டர்னிப்பைக் கண்ணால் கண்டவர்கூடக் கிடையாது.

அவர் லூதியானாவில் முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனவர். மகள் என் வயிற்றில் இருக்கும்போது போனார். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருவார். மாட்டுப் பொங்கல் கழிந்ததும் பையைக் கட்டுவார். படுக்கையில் கிடந்த அவருடைய அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியது நான். மகளைக் கட்டிக்கொடுத்ததும் நான். போன ஐப்பசியில் முழங்கால் வலி என்று வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். சோற்றில் கை வைத்ததும் முகம் கோணும்.

"அங்க குளிருல டர்னிப்பு வரும். கடுகெண்ணெயில வதக்கித் தின்னா, அதுல்ல சாப்பாடு" என்பார்.

அங்கே கம்பெனி ரூமில் பத்து ஆம்பளைகளோடு சேர்ந்து பொங்கித் தின்றதாகத்தான் எப்போதும் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு திரும்பப் போகப்போவதாகவும் நடுநடுவே ஒரு பேச்சு. முழங்கால் வலிக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. சரி, நாக்குக்கு ருசி கிடைத்தால் ஆள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

அருப்புக்கோட்டை விதைக்கடையில் சொல்லிவைத்து விதை வாங்கினேன். எங்கள் கொல்லை கரிசல். காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் கிழங்கு எங்கே இறங்க? ஓடை மணலை அள்ளி வந்து கலந்தேன். மக்கிய ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், வேப்பம்புண்ணாக்கு எல்லாம் போட்டேன். உரக்கடைப் பக்கமே போகவில்லை. போர்த் தண்ணீர் உப்பு என்பதால் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

விதையை மல்லி விதைப்பதுபோல அள்ளி வீசினேன். எனக்குத் தெரிந்த விதைப்பு அதுதான். கார்த்திகை ஈரத்தில் தலைமுடி மாதிரி அடர்ந்து முளைத்தது.

"இந்தா பாரு, இப்படி நெருக்கமா நின்னா கிழங்கு பிடிக்காது. ஒரு சாண் விட்டு மத்ததைப் புடுங்கி எறி" என்றார்.

எறிவதா! விதைத்துவிட்டு, மழை ஏமாற்றி, வெறும் மண்ணைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நாங்கள். முளைத்து நிற்பதைத் தூர எறிய யாருக்குக் கை வரும்? பிடுங்கினேன், எறியவில்லை. அத்தனையையும் மிளகாய் நாற்றுபோல வேலியோரம் நட்டு, அதற்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தேன். இலையில் அசுவினிப் பூச்சி அப்பியபோது வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப்புறம் நின்று, "என்னக்கா, அத்தானுக்கு வடநாட்டுச் சமையலா?" என்று சிரித்தாள்.

"சிரிடி, சிரி. ஒன் வீட்டுக்காரரு உள்ளூருல கெடக்காரு, ஒனக்குச் சிரிப்பு வருது" என்றேன்.

வேலியோரம் நட்டதெல்லாம் வேர் பிளந்து வெறும் நாராகப் போனது. அத்தனை குடம் தண்ணீரும் வீண். பாத்தியில் இடம் விட்டு நின்ற கொஞ்சம்தான் உருண்டு திரண்டு, ஊதா நிறத்தில் மண்ணுக்கு மேலே தலை காட்டியது. முதல் கிழங்கைப் பிடுங்கியபோது தன்னந்தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

கடுகெண்ணெய்க்காக டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவர் சொன்னபடியே வதக்கி, பொங்கல் கழிந்த மறுநாள் மத்தியானம் தட்டில் வைத்தேன். கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்.

"அதே ருசி" என்றார். கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், பாவி.

மறுநாள் காலையில் கொல்லைக்குப் போனால் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. உள்ளே வந்து பார்த்தேன். அவர் பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல கிழங்கெல்லாம் மண் துடைத்து, என் பழைய சேலைத் துணியில் சுற்றி, பக்கத்தில் இருந்தது.

"இது எதுக்கு? அங்கதான் மலை மலையாக் குவிஞ்சு கெடக்கும்னீக."

"நம்ம ஊருலயும் வெளஞ்சிருக்குன்னு போனுல சொன்னா, அவ நம்ப மாட்டேங்குறா..." என்று ஆரம்பித்தவர், சொன்னது உறைத்து வாயை மூடிக்கொண்டார்.

"எவ?"

பையின் ஜிப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். கடுகெண்ணெயில் வதக்கிப் போட்டது எந்தப் பத்து ஆம்பளையும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் நான் இங்கே அவருடைய அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்க, அங்கே ஒருத்தி அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவளுடைய கைப்பக்குவத்தை நான் தண்ணீர் சுமந்து விளைய வைத்திருக்கிறேன்.

நான் கத்தவில்லை. கத்தினால் தெரு கூடும். மகள் காதுக்குப் போகும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கிழங்கு மூட்டையை நானே பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, அவர் தோளில் மாட்டினேன்.

"பயப்படாமத் திங்கச் சொல்லுங்க அவளை. மருந்தே அடிக்காம வளத்திருக்கேன்."