பின்வாசல் பாட்டுக்குப் பிளாட்டினத் தட்டு

துணிக்கடைக் கிடங்கில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளை சாட்டின் வெட்டிக்கொண்டிருந்தாள் சுனில்தா பெகேரோ. ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் நிற்கும் முனையிலிருந்து ஒரு பாட்டின் டிரம்பட் கிளம்பியது. நாலு சுரம் கேட்டதுமே எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது. கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போனது. ஒரு முழத்துக்கு மேல் வீண்.

"பின்வாசல் திறந்திருக்கே, சுனில்தா! உள்ளே வந்தது யாரு?"

டாக்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, "யாரு? யாரு?" என்று கத்தினார்கள். அவர்களில் ஒருவருக்கும் முப்பது வயதிருக்காது. பாட்டில் வரும் சுனில்தா பத்தடி தூரத்தில் நிற்கிறாள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பாட்டு செத்துப்போய் வெகு காலமாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பழைய மெரெங்கே ஆட்டப்பாட்டு போடும் கல்யாண வீடுகளில்கூட அதை விட்டுவிட்டார்கள். எங்கேயோ எவளோ ஒருத்தி அதற்கு ஆடி செல்போனில் போட, ஊரே ஆட ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதவைத் தள்ளுவது போல் கையை வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டினார்கள். ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது: வெளிவந்து முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, விற்றதையும் கேட்டதையும் எண்ணிப் பார்த்து, பாட்டுக்குப் பிளாட்டினத் தட்டு விருது கொடுக்கப் போகிறார்கள். சான் பெத்ரோ ஊருக்கே பெருமை என்றார் ரேடியோக்காரர்.

அந்தப் பாட்டு வந்த வருஷம் சுனில்தாவுக்கு இருபத்து நாலு வயது. மூன்றாம் வகுப்பு டீச்சர். அம்மா இல்லாத வீடு. அப்பா துறைமுகத்தில் இராக்காவல். தங்கை மிரேயாவுக்குப் பத்தொன்பது. எதிர்வீட்டு எலிஹியோ டிரம்பட் வாசிப்பவன். சின்னதாக ஒரு குழு வைத்திருந்தான். சுனில்தாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுக் கேட்டான். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவனோடு வாழ மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டு மாதம் கழித்துக் கச்சேரி முடிந்து விடியற்காலையில் பின்சந்தில் வீடு திரும்பிய எலிஹியோ, அவர்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக ஓர் ஆள் வெளியேறி வேலி தாண்டிப் போவதைப் பார்த்தான். அந்த வாரமே பாட்டு எழுதிவிட்டான். பேரையும் மாற்றவில்லை.

வகுப்பில் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வரிசையிலிருந்து "யாரு? யாரு?" என்று குரல் வரும். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பி, "உன் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல சுனில்தா. ஆனா பெத்தவங்க வாயை நான் எப்படி மூடுறது?" என்றாள். அத்தோடு டீச்சர் வேலை போனது. அப்பா அதற்கப்புறம் ஆறு வருஷம் உயிரோடிருந்தார். அவள் கையால் சாப்பிட்டார். அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமலே செத்துப்போனார்.

வேலி தாண்டிப் போனவன் நெல்சன். சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். அவனுக்குக் கதவு திறந்தது மிரேயா. பாட்டு ரேடியோவில் வந்த அன்று மிரேயா அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் கொன்னுடுவாருக்கா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. கல்யாணம் ஆனதும் நானே சொல்லிடுறேன்." நெல்சனோடு கல்யாணம் ஆனது. அப்பாவும் போனார். நெல்சன் கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, அதை நடத்தும் மூப்பர்களில் ஒருவன் ஆனான். மிரேயா சொல்லவில்லை.

தட்டு கொடுக்கும் விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எலிஹியோ சுனில்தாவைத் தேடி வந்தான். வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வாசிப்பை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"நீயும் மேடைக்கு வரணும்," என்றான். "பாட்டு உன்னோடது."

"என்னோடதா? வாய் கூசலையா உனக்கு?"

"இன்னும் கோபமா? நான் பொய் எழுதல சுனில்தா. கண்ணால பார்த்தேன். என்னை வேணாம்னு சொன்னவ வீட்டுக்குள்ளேயிருந்து ஒருத்தன் வர்றான். அந்த வயசுல எனக்கு வயிறு எரிஞ்சுது, எழுதிட்டேன்."

சுனில்தா அடுப்பில் இருந்த காப்பியை இறக்கி வைத்தாள். இத்தனை வருஷமும் அவனைப் பொய்யன் என்று திட்டிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது: இவன், தான் எழுதியதை நம்பிக்கொண்டே கிழவனாகிவிட்டான்.

"நீ பார்த்தது நிஜம்தான். ஆனா அவன் எனக்காக வரல."

"பின்ன யாருக்கு? வீட்டுல இருந்ததே நீயும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "அடக் கடவுளே. அந்த மூப்பரா?"

"பேர் சொல்லாதே. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். அந்தக் கதவு சுனில்தாவோடது இல்லன்னு மைக்குல சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"சொல்றேன்," என்றான். எழுந்து போகும்போது வாசற்படியில் தடுமாறினான். அவள் கை கொடுக்கவில்லை.

மறுநாளே தங்கை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மிரேயா வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"இப்போ எதுக்குக்கா இதெல்லாம்? யாரு இருக்கா கேக்க? அப்பா போயாச்சு. அந்த ஸ்கூலே இடிஞ்சு போச்சு."

"நான் இருக்கேன்டி."

"சுனில்தா இல்லன்னா வேற யாருன்னுதானே அடுத்த கேள்வி வரும்? வீட்டுல இருந்தது ரெண்டு பொண்ணுங்க. ஊருக்கு எண்ணத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை அவரு எப்படிப் போய் சபைல நிப்பாரு?"

"நான் வகுப்புல எப்படி நின்னேன்னு என்னைக்காவது கேட்டியா?"

மிரேயா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீ தனி ஆளு. உனக்குப் புரியாது," என்றாள் கடைசியில். சுனில்தா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தனி ஆளானது எப்படி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை.

விழா சனிக்கிழமை மத்தியானம், நகராட்சி அரங்கத்தில். உள்ளே நிற்க இடமில்லை. பாதிப் பேர் சின்ன வயசுக்காரர்கள், கையில் செல்போனோடு. சுனில்தா மேடை ஏறாமல் பக்கச் சுவரோரம் நின்றாள். மூன்றாவது வரிசையில் நெல்சனும் மிரேயாவும். ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசை அது. வராமல் இருந்தால் அதுவே பேச்சாகியிருக்கும்.

தட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கொடுத்தார்கள். எலிஹியோ மைக்கைப் பிடித்தான். இழுத்த வாயோடு மெதுவாகப் பேசினான்.

"இந்தப் பாட்டுல ஒரு தப்பு இருக்கு. அந்தக் கதவு சுனில்தாவோடது இல்ல. அவங்க யாருக்கும் கதவு திறக்கல. நான் தெரியாம எழுதிட்டேன். அவங்க வாழ்க்கை..."

"அப்போ யாரோடது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. உடனே நூறு பேர், "யாரு? யாரு?" என்று தாளம் போட ஆரம்பித்தார்கள். வாத்தியக்காரர்கள் அதைச் சைகை என்று நினைத்து டிரம்பட்டை எடுத்துவிட்டார்கள். எலிஹியோ கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். அவன் ஆடுகிறான் என்று நினைத்து ஜனம் இன்னும் கத்தியது. அவன் சொல்ல நினைத்த மீதி அதில் முங்கிப்போனது.

நிகழ்ச்சியை நடத்திய ரேடியோக்காரர் கீழே இறங்கி வந்து சுனில்தாவின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினார். "அம்மா, நீங்களே சொல்லுங்க! முப்பத்தேழு வருஷ ரகசியம்! உள்ளே வந்தது யாரு?"

சுனில்தா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். மிரேயா மடியில் இருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்; தலை நிமிரவில்லை. நெல்சன் மட்டும் சுனில்தாவை நேராகப் பார்த்தான். அவன் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

ஒரு பேர். ஒரே ஒரு பேர் சொன்னால் போதும்.

"கதவைத் திறந்தவங்களுக்குத் தெரியும்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம், நான் ஒரு நல்ல டீச்சர். அதை உங்க ஊர்ல யாரும் பாட்டா எழுதல."

ஜனம் கைதட்டியது, விசிலடித்தது. கிழவி நன்றாகப் பேசுகிறாள் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேறி, கடற்கரைச் சாலை வழியாக வெயிலில் வீடு வரை நடந்தே போனாள்.

அவள் பேசியதையும் வெட்டி செல்போனில் போட்டார்கள். "கதவைத் திறந்தவங்களுக்குத் தெரியும்" என்பதற்கும் ஒரு ஆட்டம் கட்டினார்கள். பாட்டு முன்பைவிட அதிகமாக ஓடியது. கடைக்குத் துணி வாங்க வந்தவர்கள் அவளோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே அவளை முன் மேசைக்கு மாற்றினார். அவள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிடங்குக்கே திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சபையில் பாஸ்டர் பிரசங்கம் முடித்ததும் நெல்சன் எழுந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. "அந்த வேலியைத் தாண்டினவன் நான்," என்றான். "அப்போ மிரேயாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகல. எங்களுக்காக அவ அக்கா தலைகுனிஞ்சாங்க. நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருந்தோம்." மிரேயா பாதியிலேயே எழுந்து வெளியேறிவிட்டாள். மூப்பர் பொறுப்பிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். பழைய தலைமையாசிரியையின் மகள் மட்டும் சுனில்தா வீட்டுக்கு வந்து, அம்மா சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். வேறு யாரும் வரவில்லை. ஊருக்கு அந்தக் கதையைவிடப் பாட்டுதான் பிடித்திருந்தது.

மிரேயா அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சுனில்தா யார் பேரையும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசவில்லை. சுனில்தா ரெண்டு தடவை போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே நடமாடும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை.

நெல்சன் மட்டும் வியாழக்கிழமைகளில் வருகிறான். தோட்டத்து வாழைக்காய் ஒரு சீப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பி குடிக்கிறான். அவனும் அதிகம் பேசுகிறவன் இல்லை.

போன வாரம் சுனில்தாதான் கேட்டாள். "எப்படி இருக்கா?"

"இருக்கா, அக்கா. சரியா சாப்பிடறதில்ல." கோப்பையைக் கையில் உருட்டினான். "நான் பேசாம இருந்திருக்கலாம்னு சொல்றா."

"நீ என்ன நினைக்கிற?"

"முப்பத்தேழு வருஷம் முன்னாடி பேசியிருக்கணும்னு நினைக்கிறேன்," என்றான்.

சுனில்தா தங்கைக்குப் பிடித்த கொய்யா மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். சாப்பிடுவாளா, தூக்கி எறிவாளா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் அதை வாங்கிக்கொண்டு போனான்.