வில்கமுவவில் ஃபாரூக்கின் இடம் தேடி

2007ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வானம் வெளுக்கத் தொடங்கும்போது ரிஸ்வானும் நானும் அவனுடைய சின்ன லொறியில் மாத்தளையை அடுத்த கொங்காவெலயிலிருந்து புறப்பட்டோம். பின்தட்டில் சாக்கில் சுற்றிய இரண்டு மீசான் கற்கள் கிடந்தன. முஸ்லிம்கள் கபுறில், புதைத்த இடத்தின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் கற்கள். ஒன்றில் அவனுடைய மூத்த சகோதரர் ஃபாரூக்கின் பெயர் வெட்டியிருந்தது.

ஃபாரூக்கை எனக்கும் தெரியும். மாத்தளையில் நெல்லும் மிளகும் வாங்கி விற்றவர். மூன்று வருஷத்துக்கு முந்திய மாரியில் ரிஸ்வானையும் கூட்டிக்கொண்டு வில்கமுவவுக்கு நெல் பார்க்கப் போன இடத்தில் யானை அடித்துவிட்டது. அடைமழை. பாதை இரண்டு பக்கமும் தண்ணீரில் அறுந்து கிடந்தது. உயிர் போன மையித்தை வைத்துக்கொண்டிருக்க முடியாமல், அந்த ஊர் விவசாயி கருணாரத்னவும் ரிஸ்வானுமாகக் காட்டோரத்து மேடொன்றில் குழி வெட்டினார்கள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை ரிஸ்வான் ஒருவனே நின்று தொழுதிருக்கிறான்.

அவன் கட்டாரில் வேலை செய்தபோது வாங்கி வந்த கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. வானத்துச் செய்மதிகளின் சமிக்ஞையைப் பிடித்து, நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் கடிகாரம். அடக்கிவிட்டுத் திரும்பும்முன் அதில் அந்த இடத்தைப் பதிந்திருந்தான். ஊருக்கு வந்தபின் அது அலுமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. புறப்படுவதற்கு முந்திய இரவுதான் சார்ஜ் ஏற்றினான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மாத்தளையில் அரசாங்க வேலையில் நிலம் அளப்பவன். அதனால்தான் என்னையும் கூப்பிட்டான்.

இரத்தோட்டையில் இறங்கிப் பால் விடாத பிளேன்டீ குடித்தோம். ஒன்று பத்து ரூபாய். றிவர்ஸ்டன் மலையேற்றத்தில் லொறி முதலாவது கியரிலேயே முனகியது. முகில் இறங்கி முன்விளக்கை விழுங்கிவிட, ரிஸ்வான் தலையை வெளியே நீட்டிப் பாதையின் ஓரத்தைப் பார்த்தபடி ஓட்டினான். மலையின் மறுபக்கம் இறங்கியதும் முகில் கிழிந்து வெயில் சுட்டது. பல்லேகம தாண்டியபின் மறித்தார்கள்.

சோதனைச்சாவடியில் இருந்த இளம் சிப்பாய் என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தான். பிறந்த இடத்தில் அவன் கண் நின்றது. பிறகு என் கைக்கு வந்தது. பாதையில் பட்டன்களைப் பழகிப்பார்க்கலாம் என்று கடிகாரத்தை நான்தான் கட்டியிருந்தேன்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான்.

நான் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழன், கையில் இடம் குறிக்கும் கருவி. ரிஸ்வான் ஓடிப்போய்ச் சாக்கை அவிழ்த்துக் கற்களைக் காட்டினான். மேலதிகாரி வந்தார். பெயர் வெட்டிய கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, கடிகாரத்தை ரிஸ்வானின் கையில் கட்டச் சொன்னார்.

"இருட்டுறதுக்குள்ள இந்த வழியாவே திரும்பி வரணும். அட்டை இங்கயே இருக்கட்டும்" என்றார்.

போர் நடந்த அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாத தமிழன் அடுத்த சந்திவரைக்கும் போக முடியாது. லொறி கிளம்பிய பிறகும் என் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

உச்சிவெயிலில் கருணாரத்னவின் வீட்டை அடைந்தோம். அவருடைய மனைவி குசுமா வாசலுக்கு வந்தார். கணவர் சிறுநீரக வியாதியில் போன வருஷமே இறந்துவிட்டாராம். அடைமழையில் ஒருமுறை பார்த்த ரிஸ்வானுக்கு இடம் பிடிபடாது, நன்றாகத் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

"போயாவுக்குப் போயா, பௌர்ணமி தவறாம ஒரு விளக்கு கொண்டுபோய் வைப்பாரு. எந்த மரத்தடின்னு நான் கேட்டதில்ல, மல்லி" என்றார் குசுமா. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

இனிக் கடிகாரம்தான். வாய்க்கால் வரம்பில், தலைக்குமேல் கிளை இல்லாத இடமாகப் பார்த்து நின்றோம்.

"கையத் தொங்கப் போடாதீங்க. கண்ணாடி வானத்தப் பாக்கணும். உடம்பு மறைச்சாலும் சமிக்ஞை குறையும். அசையாம நில்லுங்க" என்றேன்.

"எவ்வளவு நேரம் சேர்?"

"ரொம்ப நாள் நிப்பாட்டி வச்சது. செய்மதிகள முதல்லருந்து தேடிப் பிடிக்கணும்."

கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிழை நாற்பது மீற்றர் என்று காட்டியது. நாங்கள் பொறுத்தோம். இருபது, பன்னிரண்டு, கடைசியில் ஐந்து. பழைய குறியை எடுத்துக் கொடுத்தேன். அம்புக்குறி எழுந்தது. நின்றால் அம்பு தடுமாறும், நடந்தால்தான் திசை சரியாக வரும் என்பதால் நிறுத்தாமல் நடந்தோம். தூரம் குறையக் குறைய ரிஸ்வானின் உதடுகள் எதையோ ஓதத் தொடங்கின.

வந்துசேர்ந்துவிட்டதாகக் கடிகாரம் ஒலித்தபோது நாங்கள் நின்றது நெல் வயலின் நடுவில். கணுக்கால்வரை சேறு. சுற்றிலும் பால்பிடித்த கதிர். காடு அப்பால் கறுத்துக் கிடந்தது.

"இது இல்ல சேர். மரத்துக்குக் கீழ. மேடு. நான்தானே வெட்டினேன்."

வேறு பக்கங்களிலிருந்து வந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே சேறு.

"அன்னிக்கு எப்பிடிப் பதிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"மழை கொட்டிச்சி. பட்டன அமத்தினேன், பீப்புன்னிச்சி. ஃபாரூக் நானாட எடத்த எடுத்துக்கிச்சின்னு நெனச்சேன்."

எனக்கு விளங்கிவிட்டது. அடர்ந்த மரத்தடியில், நனைந்த இலைகளின் கீழ், கடிகாரத்துக்குச் செய்மதி கிடைத்திருக்காது. காட்டுக்குள் நுழையும்முன் வயலில் கடைசியாகப் பிடித்த இடத்தையே அது பதிந்திருக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது எங்களை அந்த வயலுக்குத்தான் கூட்டிவரும். இதைச் சொன்னபோது அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காட்டைப் பார்த்தான்.

எங்களோடு வந்திருந்த குசுமாவும் சேர்ந்து, மூன்று பேருமாகக் காட்டோரத்தை அலசினோம். மேடுகள் நிறைய இருந்தன. பெரும்பாலானவை புற்று. எல்லாவற்றையும் முள்ளும் கொடியும் மூடியிருந்தன. யானைகள் முறித்துப்போட்ட மரங்கள் குறுக்கே கிடந்தன. குசுமா ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து மண்விளக்குத் துண்டேதும் கிடக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. வெயில் சாய்ந்தது. என் அட்டையின் நினைப்பு வந்தது. ரிஸ்வானே சொன்னான்.

"போவம் சேர். உங்கட அட்டை அங்க சாவடியில ஈக்கி."

"கல்லு?"

"இல்லாத எடத்துல நட்டா அது பொய்யாப் போயிரும் சேர்."

காட்டைப் பார்த்து நின்று கையேந்தி துஆ கேட்டான். எந்த மரமென்று தெரியாததால் முழுக் காட்டுக்கும் முன்னால் நிற்பவன்போல நின்றான். குசுமா சற்றுத் தள்ளி, கைகூப்பி நின்றார்.

சோதனைச்சாவடியில் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். பின்தட்டில் கற்கள் அப்படியே கிடப்பதைப் பார்த்த சிப்பாய் பாதையை மறித்த தடியை உயர்த்திவிட்டான்.

மலை ஏறும்போது நான் எங்கள் வீட்டை நினைத்தேன். அது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. கிணறு எங்கே, வாசல் படலை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே வரைபடத்தில் குத்துவேன். போகத்தான் விடமாட்டார்கள். ரிஸ்வானுக்கு வழி திறந்திருந்தது, இடம் இல்லை. எது பெரிய துக்கம் என்று யோசித்துப் பார்த்தேன்.

கொங்காவெலயில் ரிஸ்வானின் உம்மா கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"நட்டீங்களா மகன்?"

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். ஒரு பொய் போதும், அந்தத் தாய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"இல்ல உம்மா. எடம் கெடைக்கல்ல."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மழ பேஞ்சா தண்ணி நிக்கிற எடமா அது?"

"இல்ல உம்மா. மேடு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குச் சோறு போட உள்ளே போனார்.