வயிற்றுவலிச் செய்தி

தாலுகா நிருபர் வேலையில் ஒரு வியாதி வரும்: யாராவது வயிற்றைப் பிடித்தால் நமக்கு நெஞ்சடைக்கும். சக நிருபர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏட்டு சொன்னது

எங்கள் பக்கம் குடிப்பழக்கம் உள்ள ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், காரணம் 'தீராத வயிற்றுவலி' என்றுதான் எழுதப்படும். குடும்பம் அப்படிச் சொல்லும், ஏட்டு எழுதுவார், நாங்கள் அச்சிடுவோம். ஒருமுறை, "ஆள் குடியை நிறுத்தியிருந்தாராமே, அதைப் போடட்டுமா?" என்று கேட்டேன். ஏட்டு பேனாவை மூடினார்.

"இன்னா சார், நிறுத்துனவன் ஏன் சாவறான்னு நாளைக்கு ஊரே கேக்கும். நீங்களா பதில் சொல்லுவீங்க? வயித்துவலின்னு போட்டுக்கினு போங்க."

வெள்ளிமலை டீக்கடை

எங்கள் போட்டோகிராபர் ஏழுமலை வடக்கனந்தல்காரன். குடியை விட்ட புதிது. கை நடுங்கி, எடுத்த படமெல்லாம் கலங்கி வந்தது. கல்வராயன் மலைக்கு ஒரு செய்திக்காகப் போயிருந்தோம். டீ ஆற்றியவர், "இன்னா ஏழுமலை, சாமியார் ஆயிட்டியாமே! எத்தினி நாளைக்கு?" என்றார். கடையே சிரித்தது. அவன் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான்.

"நீயே வெச்சிக்கோண்ணா. எனக்கு இனிமே எதுக்கு?"

மலையிறக்கம்

வண்டியை நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் பின்னாலிருந்து, "அண்ணா, வயிறு வலிக்குது" என்றான்.

வண்டியை ஓரங்கட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எழவு வீடுகளில் காலங்கடந்து கேட்கும் கேள்வியை, ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்டேன்: "ஏழுமலை, செத்துடலாம்னு தோணுதா?"

முழித்தான். "காலைல தின்ன மொச்சைண்ணா, வாயு!" என்றான். சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா அதுவும் தோணிக்கினேதான் இருக்குது. யாரும் கேக்கல."

ஆஸ்பத்திரி வராந்தா

கள்ளக்குறிச்சிவரை அவன் கை என் சட்டையைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மனநல டாக்டர் அவனை உள்நோயாளியாகச் சேர்த்தார். குடியை விட்ட புதிதில் இந்த எண்ணம் சிலரை அமுக்கும், வைத்தியம் உண்டு, தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார். ஏழுமலையின் மனைவி செல்வி, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கையில் ஒரு பாட்டில்.

"கொஞ்ச நாளா வயித்துவலின்னு சொல்லிக்கினே இருந்தாருண்ணா. நான் ஓமத்தண்ணி குடுத்துக்கினு இருந்தேன்."

இப்போதெல்லாம் யார் வயிற்றுவலி என்றாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன் என்பதால், நண்பர்கள் என்னிடம் அஜீரணத்தைக்கூட மறைக்கிறார்கள். ஏழுமலை மட்டும் வாயுவா, அதுவா என்று நான் கேட்குமுன் சொல்லிவிடுகிறான்.