வலி சொல்லாத இதயம்

மாற்று இதயம் பொருத்திய ஏழாம் வருடப் பரிசோதனைக்கும் யாத்ராங்கா தனியாகத்தான் ஸாக்ரெப் நகர ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கைவழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "இதயத்து ரத்தக்குழாய் சுருங்க ஆரம்பிச்சிருக்கும்மா" என்றார்.

"எனக்கு வலியே இல்லையே!"

"வலி தெரியாதும்மா. மாத்தும்போதே நரம்பு அறுந்துபோச்சு. அதுக்குத்தான் வருஷாவருஷம் கூப்பிடறோம். பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே பாத்துட்டோம். மருந்தை மாத்தித் தர்றேன். சிகரெட் பக்கமே போகாதீங்க."

அவர் போனதும் நர்ஸ் மிரெலா கேட்டாள்: "குழாய் விட்ட அன்னிக்குத் தனியா அனுப்ப மாட்டோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரு?"

"அக்கா மகன் கீழே நிக்கிறான்."

"போன வருஷமும் கீழேதான் நின்னான். ஒருநாளாவது மேலே வந்து முகத்தைக் காட்டச் சொல்லுங்களேன்!"

யாத்ராங்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்படி ஒருத்தன் இல்லம்மா."

"அப்போ இன்னிக்கு இங்கேயே படுங்க."

கிளம்ப மாட்டிய கோட்டை யாத்ராங்கா கழற்றினாள். பக்கத்துக் கட்டில்காரி ஓயாமல் பேசினாள். யாத்ராங்காவுக்கு அது பிடித்திருந்தது.