செவ்வாய்க்கிழமை டீச்சர்

மங்கையர்க்கரசிக்குச் சொந்தமாக ஒரு வகுப்பறை கிடையாது. திங்கள் ஒரு பள்ளிக்கூடம், செவ்வாய் இன்னொன்று என்று வாரம் முழுக்கத் தெற்கு அந்தமானைச் சுற்றி வருகிற வேலை. பார்வை மங்கிய பிள்ளை, காது கேளாத பிள்ளை, எழுத்து தலையில் ஏறாத பிள்ளை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காகிதத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர்; பள்ளிகளில் ரிசோர்ஸ் டீச்சர். எந்த ஆசிரியர் அறையிலும் அவளுக்கென்று நாற்காலி இல்லை. யாராவது வகுப்புக்குப் போயிருந்தால் அவருடைய நாற்காலியில் உட்காருவாள், மணி அடித்ததும் எழுந்துகொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு பள்ளியின் குரூப் போட்டோவிலும் அவள் இல்லை. படம் எடுக்கிற நாளில் அவள் எப்போதும் வேறொரு ஊரில் இருந்தாள்.

குடியிருப்பு டெலானிபூர் மேட்டில், ஒரு வீட்டின் பின்போர்ஷன். கணவர் அன்பழகன் தொலைபேசித் துறையில் வேலை கிடைத்துப் போர்ட் பிளேர் வந்தபோது, அருப்புக்கோட்டையிலிருந்து அவளும் கூட வந்தவள். அப்போது அரசாங்கக் குவார்ட்டர்ஸ், கைக்குழந்தை, பக்கத்து வீட்டுப் பேச்சு என்று நாள் போனது தெரியவில்லை. பிறகு அன்பழகனுக்கு மதுரைக்கு மாறுதல் வந்தது. அங்கே அவருடைய அம்மா படுக்கையில் இருந்தாள். மகன் செந்தமிழனும் கல்லூரிக்கென்று மெயின்லேண்ட் போய்விட்டான். மங்கைக்கு இங்கே ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். "இந்த வருஷம் முடியட்டும்" என்றாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். சண்டை என்று ஒன்றுமில்லை. பிரிந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, சேர்ந்திருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. சாயங்காலம் போன் வரும். "சாப்பிட்டியா?" என்பார். "ஆச்சு" என்பாள். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் யோசிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பெரார்கஞ்ச். அங்கேதான் அகிலாவைப் பார்த்தாள்.

மூன்றாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. வகுப்பு ஆசிரியர் சிவஞானம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், பாடத்தை ஒரு நாளும் பாக்கி வைக்காதவர். அந்த வகுப்பில் வங்காளிப் பிள்ளைகள், வீட்டில் தங்கள் ஆதிவாசி மொழி பேசுகிற ராஞ்சிக்காரப் பிள்ளைகள், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து உட்கார்ந்திருக்கும். எல்லாருக்கும் பொதுவாக இந்தியில் பாடம் நடத்துவார், அதுவும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே.

"அகிலாவா? தங்கமான பிள்ளை டீச்சர்" என்றார். "சத்தமே கெடையாது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

கையெழுத்து உண்மையிலேயே அச்சு மாதிரிதான் இருந்தது. பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் பார்த்து எழுதியிருந்தாள். பரீட்சைத் தாள்களை மங்கை வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் உட்காரும் மிதாலியின் விடைகள் அப்படியே இருந்தன. தாளின் மேலே பெயர் எழுதும் இடத்திலும் 'மிதாலி மண்டல்' என்றே இருந்தது. ஒரு தாளில் அல்ல, எல்லாத் தாளிலும். தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்று மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

மங்கை அகிலாவின் வீட்டுக்குப் போனாள். அப்பா யோகராஜுக்குப் பாக்குத் தோட்டத்தில் வேலை. அவருடைய அப்பா பொன்னுத்துரை இலங்கைத் தேயிலை மலையிலிருந்து நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். சுனாமிக்குப் பிறகு குடும்பம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அகிலாவின் அம்மா புஷ்பா ஒரு பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே மருத்துவ முகாமில் கொடுத்த காது மிஷின்.

"மாட்டிவிட்டா பிச்சு எறியுதுங்க டீச்சரம்மா. இதுக்கு அதுலயும் ஒண்ணும் கேக்கல. வெறும் எரிச்சல்தான்."

"வீட்ல எப்படிம்மா பேசுவீங்க?"

"என்னாத்தப் பேசுறது? சோறுன்னா வாய்க்கிட்ட கைய வைக்கும். மத்ததெல்லாம் அது முகத்தப் பாத்து நாங்களே புரிஞ்சுக்குவோம்."

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள மங்கை சொல்லிக்கொடுத்தாள், அகிலாவுக்கு வரவில்லை. படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். அகிலா அட்டைகளை அழகாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். ஒரு கோடையில் சென்னைக்குப் போய் மங்கை சைகை மொழி கொஞ்சம் படித்திருந்தாள், பாதி மறந்துபோயிருந்தது. இப்போது போனில் வீடியோ போட்டு மறுபடி ஆரம்பித்தாள். சமையல் முடிந்த பிறகு கண்ணாடி முன்னால் நின்று கையை அசைப்பாள். 'நான் பஸ்ஸில் வந்தேன்.' 'மீன் வாங்கினேன்.' 'என் மகன் தூரத்தில் இருக்கிறான்.' கண்ணாடியில் இருக்கிறவள் கவனமாகக் கேட்டுக்கொள்வாள்.

பள்ளியில் அவர்களுக்குக் கொடுத்த இடம் விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறை. காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். பல செவ்வாய்க்கிழமைகள் ஒன்றுமே நடக்கவில்லை. மங்கை செய்ததையெல்லாம் அகிலா திருப்பிச் செய்தாள், பலகையைப் பார்த்து எழுதுவது போலவே. ஒரு நாள் மங்கை தன் டிபன் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு, கொய்யாப்பழத்துக்கான சைகையைச் செய்தாள். அகிலா அதைத் திருப்பிச் செய்தாள். மங்கை டப்பாவைத் திறந்தாள். உள்ளே கொய்யாப்பழம். அகிலா பழத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மறுபடி பழத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து அறையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டு, இதற்கென்ன சைகை, இதற்கென்ன என்று முகத்தால் கேட்டாள். பந்து, கயிறு, ஜன்னல், செருப்பு. கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள். மங்கை அவள் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினாள். அகிலா அதைப் பார்த்து எழுதினாள், மறுபடியும் எழுதினாள், ஒரு பக்கம் முழுக்க எழுதினாள்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை பஸ் வந்து நின்றால் பள்ளி வாசலில் அகிலா நிற்பாள். மங்கை படியிறங்கும்போதே கைகள் பேச ஆரம்பித்துவிடும். ஆடு குட்டி போட்டது, அப்பா வழுக்கி விழுந்தார், மிதாலியின் ரிப்பன் புதுசு. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தது ஒரே மூச்சில் வரும். மங்கைக்கும் அப்படித்தான். வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நாள்தான் என்பது அவளுக்கே தாமதமாகத் தெரிந்தது.

மாமியார் இறந்துபோனாள். மங்கை மதுரைக்குப் போய், காரியமெல்லாம் முடிந்து திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போகும் முன்பு அகிலாவிடம் சொல்ல வாய்க்கவில்லை. திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை வாசலில் யாருமில்லை. சாமான் அறைக்கு அழைத்து வந்ததும், மங்கை 'மன்னிச்சுக்கோ' என்று கையால் சொன்னாள். அகிலா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிற பிள்ளை கோபித்துக்கொண்டால் கதவைத் தாண்டியாவது பேச முடியும். கண்ணை மூடிக்கொண்ட பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? மணி அடிக்கும் வரை அகிலா கண்ணைத் திறக்கவில்லை. மங்கை எதிரில் உட்கார்ந்தே இருந்தாள். இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் பேச ஒரே ஒரு ஆள், அந்த ஆளும் வாரத்தில் ஒரு நாள்தான். இதைச் செய்தது நான்தானே என்று நினைத்தாள். அந்த ஒரு நாள் தனக்கும் இனித்துக் கிடந்ததால்தான் இத்தனை நாள் இது தப்பாகத் தெரியவில்லை என்றும் நினைத்தாள்.

அன்றே சிவஞானத்திடம் போனாள். "சார், நான் இனிமே அவளைத் தனியா கூட்டிட்டுப் போகல. உங்க வகுப்புக்குள்ள வந்து எல்லாருக்கும் கைப்பேச்சு சொல்லித் தரேன்."

"எல்லாருக்குமா? ஒரு பிள்ளைக்காக வகுப்ப நிறுத்த முடியுமா டீச்சர்? போர்ஷன் முடிக்கணும்லா."

"அவளும் உங்க வகுப்புதானே சார்."

"நான் இல்லைன்னு சொல்லலையே. அவளப் பாக்கத்தான் ஒங்கள அனுப்பியிருக்காங்க."

வழி விட்டது மழைதான். அந்தப் பள்ளிக்குத் தகரக் கூரை. மழைக்காலத்தில் கொட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பாடம் நின்றுவிடும், பிள்ளைகள் பெஞ்சில் தலை சாய்த்துக்கொள்வார்கள், சிவஞானம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மங்கை வகுப்புக்குள் நுழைந்தாள். அவரிடம் ஏதோ சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது இவளுக்குக் கேட்கவில்லை. அகிலாவைத் தவிர எல்லாருக்கும் அது கஷ்டமாக இருந்தது. மங்கை அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மங்கை விரல்களை மேலிருந்து கீழே இறக்கி மழை என்று காட்டினாள். வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. பிறகு அகிலாவை முன்னால் அழைத்து நிறுத்தி, மிச்சத்தை அவளைச் சொல்லித்தரச் சொன்னாள். கடைசி பெஞ்சுப் பிள்ளை தயங்கித் தயங்கி வந்தது. ஆடு, கொய்யா, பஸ், தவளை. தப்பாகச் செய்த பிள்ளையிடம் போய், விரலைப் பிடித்துத் திருத்தியது. மழை விட்ட பிறகும் பிள்ளைகள் நிறுத்தவில்லை.

சிவஞானம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மழை பெய்தால் மட்டும் நேரம் கொடுத்தார். அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. கொஞ்ச நாளில் பலகையில் எழுதி முடித்துவிட்டு, திரும்பி நின்று பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கழித்தலுக்குப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். "இதுல ஒரு விஷயம் பாத்தீங்களா?" என்றார் ஒரு நாள், கொஞ்சம் கூச்சத்தோடு. "அந்த ராஞ்சிப் பையங்க ரெண்டு பேரும் வாயே தெறக்க மாட்டாங்க. இப்பப் பதில் சொல்லுதாங்க. நம்ம இந்தி அவங்களுக்கும் புரியாமத்தான் இருந்திருக்கு."

மறு வருஷம், நான்காம் வகுப்பில், ஒரு செவ்வாய்க்கிழமை மங்கை வந்தபோது அகிலா மரத்தடியில் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். கைகள் பறந்தன. மங்கை பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். பாதி புரியவில்லை. அவள் சொல்லித் தராத சைகைகள், அவர்களே உண்டாக்கிக்கொண்டவை. சட்டையில் சாக்பீஸ் கையைத் துடைப்பது போல ஒன்று, யாரையோ குறிப்பது.

"அது யாரு?" என்று மிதாலியிடம் கேட்டாள்.

"சிவஞானம் சார்" என்று மிதாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்குப் பேரு வச்சிருக்கீங்களா?"

மிதாலி அகிலாவைப் பார்த்தாள். அகிலா செய்து காட்டினாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் நடந்து போய்விடுவது.

நல்ல பெயர்தான் என்று மங்கை தலையாட்டினாள். சாமான் அறைப் பக்கம் கையைக் காட்டி, வருகிறாயா என்று கேட்டாள். அகிலா தோழிகளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், 'அப்புறம்' என்று சொல்லிவிட்டு விளையாட்டுக்குத் திரும்பினாள்.

மங்கை வராந்தாவில் போய் நின்றாள். சிவஞானம் கையில் டீயோடு வந்தார். "இன்னிக்கு வர மாட்டா போலிருக்கே."

"வரலைன்னா நல்லதுதானே சார்."

"நல்லதுதான்" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் போனில் அன்பழகனிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அங்க உன் வேலை முடிஞ்சுது. கிளம்பி வந்துடேன் மங்கை" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மதுரை வீட்டை நினைத்துப் பார்த்தபோது அங்கேயும் அவளுக்கு ஒரு நாற்காலி கண்ணில் படவில்லை. "இந்த வருஷம் முடியட்டும்ங்க" என்றாள்.

அடுத்த வருஷத்துக்கு ஊர்களைப் பிரித்தபோது பெரார்கஞ்ச் வேண்டாம் என்று அவளே சொன்னாள். அங்கே பிள்ளைக்குப் பழைய அளவு தேவையில்லை, எப்போதாவது போய்ப் பார்த்தால் போதும் என்றாள். செவ்வாய்க்கிழமை வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே எழுத்துகளைத் தலைகீழாக எழுதுகிற பிள்ளை ஒன்று இருந்தது. அதற்காக மணலை ஈரம் போக வறுத்துத் தட்டில் பரப்பி எழுதவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம் அபர்டீன் பஜாரில் கூட்டம் நெரிந்தது. மங்கை காய்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நின்றபோது, ரோட்டின் எதிர்ப்பக்கம் துணிக்கடை வாசலில் அகிலா நின்றிருந்தாள். வளர்ந்திருந்தாள். புஷ்பா உள்ளே துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகிலா இவளைக் கண்டுகொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தன, மைக்கில் யாரோ ஜவுளி விலையைக் கூவினார்கள். அதற்கு மேலாக அகிலா கையை உயர்த்திப் பேசினாள். பாவாடை வாங்க வந்தோம், பச்சை நிறம். ஆடு செத்துப்போச்சு. மிதாலி பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். மங்கை பையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

கடைசியாக அகிலா எதையோ கேட்டாள். மங்கைக்கு அந்தச் சைகை தெரியவில்லை. புரியவில்லை என்றாள். அகிலா மறுபடி செய்தாள், சின்னப் பிள்ளைக்குச் செய்து காட்டுவது போல மெதுவாக. அப்போதும் புரியவில்லை. பஸ் வந்து நடுவில் நின்றது. ஏறி, ஜன்னல் பக்கம் வழி பண்ணிக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்குள், புஷ்பா மகளின் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப் போயிருந்தாள்.

உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மங்கை அந்தச் சைகையைச் செய்து பார்த்தாள். இரண்டு விரலை மடக்கி, கன்னத்தோரம் கொண்டுபோய், வெளியே திருப்புவது. எப்ப வருவீங்க என்றா? நல்லா இருக்கீங்களா என்றா? பக்கத்தில் நின்ற பெண்மணி, தன்னிடம் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து, "க்யா?" என்றாள். மங்கை ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு, டெலானிபூர் ஏற்றத்தில் பஸ் திணறி ஏறும்போது மறுபடி ஒரு தடவை செய்து பார்த்தாள்.