லீவே போடாத ஃபிட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு குழாய் கம்பெனி. 2006இல் பழவேற்காட்டு ஜபீன் அங்கே கம்ப்யூட்டர் அறையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். தொழிலாளர் வருகையைப் பதிய ஒரு இணையப் பக்கம் ஏற்கெனவே இருந்தது. பதியலாம், அவ்வளவுதான், மொத்தமாகப் பார்க்க வழியில்லை. பட்டனைத் தட்டினால் மாத ரிப்போர்ட் அதே பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று மேனேஜர் மணவாளனுக்கு ஆசை.

"அத்த மட்டும் செஞ்சு குடுத்துடும்மா, உன்ன பர்மனென்ட் பண்ணிட்றேன்" என்றார். மனுஷன் சொன்னால் செய்வார்.

ரிப்போர்ட் வந்தது. ஜபீனின் திரையில் பிசகில்லாமல் வந்தது. மேனேஜரின் திரையில்தான் கூத்து.

"இன்னாம்மா, யாரு இந்த ஃபயாஸ்? மெயின்டனன்ஸ் ஃபிட்டராம். ஒரு நாள் லீவு போடல! மத்தவனுங்க சம்பளம் வாங்குன மறுநாளே காணாம பூட்றானுங்க. இவன இட்டுனு வா, கை குடுக்கணும்."

ஜபீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபயாஸ் அவள் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, இந்த சிப்காட்டின் கேட் ஒவ்வொன்றிலும் வேலை கேட்டு நின்று திரும்பியவன். ரிப்போர்ட்டைச் சோதிக்க நாலு பொய்ப் பேர் வேண்டியிருந்தபோது, முதலில் அவன் பேர்தான் கைக்கு வந்தது. அதையெல்லாம் அன்றைக்கே அழித்துவிட்டாளே! தன் கம்ப்யூட்டரில் தேடினாள், ஃபயாஸ் இல்லை. மேனேஜர் அறைக்கு ஓடினாள், இருக்கிறான். இதென்ன பேய் வேலையா? பக்கத்து சீட்டு பாக்கியநாதன், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்று பெரிய யோசனை சொன்னார். பண்ணினாள். ஃபயாஸ் அசையவில்லை. மண்டை காய்ந்துவிட்டது. பர்மனென்ட் போனதோடு இருக்கிற வேலையும் போச்சு என்றே நினைத்தாள்.

சாயங்காலம்தான் புரிந்தது. ரிப்போர்ட்டைச் சேமிக்கும்போது, சோதனை விவரங்களையும் உள்ளேயே வைத்துக்கொள் என்று ஒரு டிக் விழுந்திருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரெஷ் செய்து பார்த்தாள், புது விவரம் வந்தது. மேனேஜர் வெறுமனே திறந்தார், பழசே வந்தது.

டிக்கை எடுத்துவிட்டு, பயந்துகொண்டே போய் நின்றாள்.

"ஃபயாஸ் இங்க வேலை செய்யல சார்."

"நின்னுட்டானா?"

"சேரவே இல்ல சார். என் தம்பி. டெஸ்ட்டுக்குப் போட்ட பேரு."

மணவாளன் விழுந்து விழுந்து சிரித்தார். "சம்பளம் போட்றதுக்குள்ள சொன்னியே, அதுவரைக்கும் நல்லது!" அவளுடைய பர்மனென்ட் லெட்டரை மறுநாளே அடிக்கச் சொன்னார். தம்பிக்கு ஒரு இடம் இருக்குமா என்று கேட்க அவள் வாயெடுத்தாள்; அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். வாப்பா சிரித்தார், உம்மா சிரித்தாள். ஃபயாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"நானு எந்த டிபார்ட்மென்ட்டு, லாத்தா?"

"மெயின்டனன்ஸ்."

"நல்ல டிபார்ட்மென்ட்டு" என்றான்.