யோகக்கண்

புதுப்படகைக் கடலில் இறக்கும் அன்று திருப்பாலைக்குடிக்காரர்கள் என் அக்காவைக் கூப்பிட்டு முதலில் அவள் கையால் படகைத் தொடச் சொல்வார்கள். அவளுடைய இடக்கண் மூக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மாறுகண் யோகம் என்பது ஊர்க்கணக்கு. மீன் விழுந்தால் அக்காவின் கண். விழாவிட்டால் காற்றின் குற்றம். அரசாங்கத்தில்கூட இவ்வளவு பாதுகாப்பான பதவியை நான் பார்த்ததில்லை. துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

வலக்கண்ணில் புரை விழுந்ததால் போன மாதம் அவளை ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா வலக்கண்ணை மூடிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"வெளிச்சம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்தபின் நெடுநேரம் பார்த்தார். இடக்கண்ணில் பிறவியிலேயே புரை. குழந்தையில் கண்டுபிடித்திருந்தால் அந்தக் கண் பார்க்கப் பழகியிருக்கும். பழகாததால்தான் சாய்ந்துவிட்டது என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்றும் கேட்டார். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"ஏன்க்கா இத்தன வருசமா சொல்லல?"

"எல்லாருக்கும் ஒரு கண்ணு பாக்க, ஒண்ணு தொணைக்குன்னு நெனச்சேன் தம்பி."

இதை எந்த விதியின்கீழ் கொண்டுவருவது? இல்லாத ஒன்று இல்லை என்று அதை அறியாதவள் எப்படி மனுக் கொடுப்பாள்? அவள் குழந்தையாக இருந்தபோது வலக்கண்ணை மூடிப் பார்க்க ஒரு கை போதும். அதற்கு யாருக்கும் தோன்றாதது எப்படி என்று பஸ்ஸில் வரும்போதும் விளங்கவில்லை.

வீட்டில் என் பேத்தி இருந்தாள். மூன்று வயது. அவளுக்கும் இடக்கண் லேசாகச் சாயும். அத்தைப்பாட்டி யோகம் வந்திருக்கிறது என்று எல்லோரும் கொஞ்சுவோம்.

அக்கா அவளை மடியில் வைத்து இடக்கண்ணை உள்ளங்கையால் மூடினாள். குழந்தை பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தது. வலக்கண்ணை மூடினாள். கையைப் பிய்த்துத் தள்ளி வீரிட்டது.

"என்ன மதினி இது, தரையில ஓடுற எறும்பக்கூடக் கண்டு பொறுக்குறா. கண்ணப் பொத்துனா எந்தப் புள்ளதான் அழாது?" என்றாள் என் மனைவி. அதுவும் சரியாகவே பட்டது.

அக்கா மறுபடி இடக்கண்ணை மூடினாள். குழந்தை சிரித்தது. வலக்கண்ணை மூடினாள். வீரிட்டது. பிறகு மூடவில்லை.

"இவ கண்ணு பழக இன்னும் நேரம் இருக்காடா தம்பி?"

ராமநாதபுரத்துக்கு வண்டியைக் கூப்பிட்டேன்.